கூடி எழுதிய அட்டைகள்

வடசென்னையில் தண்டையார்ப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் உள்ளது சுங்கச்சாவடி. மக்கள் நாவில் அது 'டோல்கேட்'. டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது என்பதை அங்கு யார் நினைக்கிறார்!

அப்பகுதியை உள்ளடக்கிய சென்னை மாநகராட்சி, 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. ஆணையராயிருந்த எம்.பி. விசயகுமார் ஆசிரியர்களை ஆந்திரத்து இரிசிப் பள்ளத்தாக்குப் பள்ளிக்கு அனுப்பினார். கண்டு மீண்டவர்கள் கூடியமர்ந்து பாடங்களைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து அட்டைகளில் எழுதினர். 2007இல் அம்முறை மாநிலமெங்கும் பரவியது. அட்டைகள் சென்றன, கூடியமர்தல் செல்லவில்லை. பயிற்சி அளித்தது மெய்யே. ஆயினும் கேட்டு வருவது வேறு. கூடி ஆக்குவது வேறு.

துறைமுகத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளியை எண்ணுக. கணக்காசிரியர் 'பெரிமீட்டர்' என்கிறார். நூலில் 'சுற்றளவு' என்றிருக்கிறது. அறிவியலாசிரியருக்கு 'ஆக்சிசன்'; தமிழாசிரியருக்கு 'உயிர்வளி'. வீட்டில் கேட்டறிய ஆளில்லாத பிள்ளை, ஒரு பொருளை இரண்டெனக் கொண்டு மயங்குகிறது. உயிர்வளியே கொள்ளத்தக்கது, ஐயமில்லை. ஆனால் ஒருவர் மட்டும் சொன்னால் அந்நற்சொல்லும் பிள்ளைக்கு மற்றுமொரு சுமையே. கணக்கில் தவறும் மாணவன் பல வேளை வினாவைப் படிக்கவே தவறுகிறான். அதைக் கணக்காசிரியர் தனித்திருந்து எங்ஙனம் அறிவார்? தமிழாசிரியரோடு அவன் ஏட்டைப் புரட்டினால் அறிவார்.

கிழமைக்கு ஒரு பாடவேளை மூவரும் ஒருங்கே ஓய்வாயிருக்குமாறு தலைமையாசிரியர் ஒழுங்கு செய்யலாம். அதற்கு அரசாணையும் வேண்டா, பணமும் வேண்டா. ஓராசிரியர் பள்ளிகளில் இது நடவாது. அங்கு முதலில் ஆசிரியர்களை அமர்த்துக.