நீலக் கலரில் என் வீடு

"ஜாக்ரபி படிச்சு என்னத்தைடா கிழிக்கப் போறே? போய்க் கணக்கைப் போடு!"

நான் பத்தாவது படிக்கிறபோது அப்பா அடிக்கடி சொன்ன வேத வாக்கு இது. அப்பாவின் பேச்சில் நான் உடனே கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

எங்கள் ஸ்கூலில் ஜாக்ரபி பீரியட், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். தயிர்சாதமும் தக்காண பீடபூமியும் ஒன்றாகச் சேர்ந்தால் எவனுக்குத்தான் தூக்கம் வராது? காலாண்டுப் பரீட்சை மேப்பில் நான் காவிரியைக் கொண்டுபோய் விசாகப்பட்டினத்தில் கடலோடு சேர்த்துவிட்டேன். கர்நாடகத்தோடு எந்தத் தகராறும் இல்லாமல்! வாத்தியார் காதைத் திருகிக்கொண்டே சொன்னார்: "தண்ணி பள்ளத்தைத் தேடித்தாண்டா போகும். நீ கோடு போட்ட பக்கமெல்லாம் போகாது."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

2008 மே மாதம். ஆபீஸில் லோன் சாங்ஷன் ஆன ஜோரில் தென்சென்னைப் புறநகரில் மனை பார்க்கப் போனேன். பொட்டல் வெளி. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தெருவின் பெயர், ஏரிக்கரைத் தெரு.

"ஏரி எங்கேங்க?" என்றேன்.

"அதெல்லாம் அந்தக் காலத்துல ஸார்! மயிலாப்பூர்ல இப்ப மயிலா இருக்கு?" என்றார் புரோக்கர்.

என்ன ஒரு பாயின்ட்! அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ராத்திரி பத்து மணிக்கு வாசல்படி, பன்னிரண்டுக்கு முழங்கால், விடியும்போது மார்பளவு. ஃப்ரிட்ஜ் மல்லாந்து படகு மாதிரி மிதந்தது. வீட்டுப் பத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, அம்மாவை முதுகில் சுமந்து எதிர் வீட்டு மாடிக்குப் போனேன். "விட்டுட்டுப் போடா, பொண்ணைப் பாரு" என்று காதருகில் அம்மா சொன்னது இன்னும் கேட்கிறது.

தண்ணீர் வடிந்தபின், ஒன்பதாவது படிக்கும் மகளின் பாடப் புத்தகங்களைக் கொடியில் காயப்போட்டு, ஒவ்வொரு பக்கமாக இஸ்திரி போட்டேன். அப்போதுதான், வாழ்க்கையில் முதல் முறையாக ஜாக்ரபியை முழுசாகப் படித்தேன்!

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும். நமக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குக் காற்றில். அப்படியென்றால் மே மாதத்தில் மனை பார்ப்பது, தூங்குகிறவனைப் பார்த்து "பையன் பரம சாது" என்று பெண் கொடுப்பது மாதிரி!

ஒரு நண்பர், சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய மேப் ஒன்றைக் காட்டினார். பிரவுன் கோடு மேட்டைச் சொல்லும். நீலம் தண்ணீரைச் சொல்லும். எங்கள் பக்கம் பிரவுன் கோடே அபூர்வம். அவ்வளவு தட்டையான பூமி. தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். அதனால்தான் முன்னோர்கள் வரிசையாக ஏரி வெட்டி, ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்கு என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பல ஏரிகளின் உபரி, பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகும். நடுவில் நீலமாக ஒரு திட்டு. அதன் மேல் விரலை வைத்து நண்பர் சொன்னார்: "இதுதாம்பா உன் பெட்ரூம்."

ஊர்ப் பெயரே பாதி ஜாக்ரபி, ஸார். 'தாங்கல்' என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கலை அப்படிச் சொல்லிப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது, லேக் எங்கே? தி.நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து உண்டானதுதான்.

லோன் ஃபாரத்தோடு அலையும் தம்பிகளே! வில்லங்க சர்டிஃபிகேட் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் தண்ணீரின் பாத்தியதை வராது. மனையை நவம்பரில், நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். அந்தத் தெருவின் ஆக வயசான டீக்கடைக்காரரிடம், முன்னே இங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். டீக்காசு ஒன்றும் பெரிசில்லை.

2017-ல் மகள் ப்ளஸ் ஒன்னில் ஜாக்ரபி உள்ள குரூப் எடுத்தாள். வெளியூரிலிருந்து வந்த மச்சினன் பதறினான்.

"என்ன மாமா இது? ஜாக்ரபி படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா?"

நான் பதில் பேசவில்லை. ஹாலில் பெயின்ட் அடிக்காமல் விட்டு வைத்திருக்கும் சுவரைக் காட்டினேன். மார்பளவு உயரத்தில் ஒரு பிரவுன் கோடு.

"மேப்பா மாமா?" என்றான்.

"ஆமாம்ப்பா. நான் படிக்காம விட்டது."