பழனி மலையும் வௌவாலின் ஆயுளும்

உருவம் சிறிதாயின் ஆயுளும் சிறிது என்பது விலங்கினத்தில் பெரும்பாலும் பொருந்தும் விதி. சுண்டெலி இரண்டு மூன்று ஆண்டுகளில் மடிகிறது. யானையோ அறுபதைக் கடக்கிறது. இவ்விதியை மீறிய உயிரொன்று, பழனி மலைச் சரிவின் தோட்டங்களில் அந்திதோறும் நம் தலைக்கு மேலே பறந்து செல்கிறது. அதுவே வௌவால். சைபீரியாவில் 1964 இல் வளையம் பூட்டி விடப்பட்ட வௌவால் ஒன்று 2005 இல் மீண்டும் பிடிபட்டது. வயது குறைந்தது 41. அவ்வினத்தின் எடையோ ஏறத்தாழ ஏழு கிராம்தான்!

இந்நெடுவாழ்வின் மறைபொருள் யாது? பறத்தல் உடலுக்குப் பெருஞ்சுமை. அச்சுமையால் உயிரணுக்கள் சிதைவுறும். மரபணுத் துணுக்குகள் தம் இடம் விட்டுச் சிதறும். வேறொரு விலங்காயின், நோய்த்தடுப்பு ஆற்றல் அத்துணுக்குகளைப் பகையெனக் கருதி அழற்சியை மூட்டிவிடும். ஓயாத அழற்சி முதுமையை விரைந்து அழைத்துவரும். வௌவாலிடத்தில் அந்த எச்சரிக்கைக் குரல் தணிந்தே ஒலிக்கிறது என்பதை 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் புலப்படுத்தின. பறத்தலின் நெருக்கடியைத் தாங்கப் பழகிய உடலே கிருமிகளோடு நலிவின்றி வாழவும், நெடுநாள் வாழவும் வல்லதாயிற்று என்பது அறிவியலார் பலரின் கருத்து. ஆயுள், நோய்த்தடுப்பு, தாங்குதிறன் ஆகிய மூன்றும் ஒரே வேரின் கிளைகள் என்று கொள்வதில் பிழையில்லை.

ஆயினும் 2018 இல் கோழிக்கோட்டில் நிபா நோய் தோன்றியபோதும், 2020 இல் கொரோனா உலகை முடக்கியபோதும், பழி முழுவதும் வௌவாலின் மேல் விழுந்தது. தங்கும் மரத்தை வெட்டிவிட்டால் நோய் ஒழியும் என்று படித்தவர்களே பேசக் கேட்டோம். இஃது அறியாமை மட்டுமன்று, ஆபத்துமாகும். ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா கிருமியைப் பல்லாண்டு ஆராய்ந்தோர் 2022 இல் கண்டு கூறியது யாதெனில், காடிழந்து உணவும் அரிதான காலத்தில்தான் வௌவால்கள் குதிரைகள் வாழும் இடங்களை நாடின, நோயும் தாவியது. காட்டு மரங்கள் மிகுதியாகப் பூத்த காலத்திலோ நோய் தாவவில்லை. தாங்குதிறனுக்கும் எல்லையுண்டு, அவ்வெல்லையை உடைப்பவர் நாமே.

நம் அறியாமைக்கு அண்டை மலையே சான்று. மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் 1948 இல் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறோர் இனத்தின் பெயர்ச்சீட்டோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கால் நூற்றாண்டளவு கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யாவே 1972 இல் அதனைப் புதிய இனமெனக் கண்டு, பறவையியல் மேதை சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். அவ்வாண்டில் பிறந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ பழந்தின்னி வௌவால்களைக் காகத்தோடும் எலியோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது! அப்பட்டியல் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கிற்று.

சட்டம் மாறினும் மலை மாறிவருகிறது. காப்பித் தோட்டங்களில் ஆல், அத்தி போன்ற நாட்டு மரங்களின் நிழலுக்கு மாற்றாகச் சில்வர் ஓக் நிற்பதைக் காண்கிறோம். விரைந்து வளரும், மிளகுக் கொடி ஏறும், விற்றால் விலைபோகும். உழவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் அதில் வௌவாலுக்கு ஒரு கனியும் இல்லை. அத்தி விதையைத் தொலைவில் தூவுவதும், இரவில் மலரும் இலவம் காய்க்கத் துணைபுரிவதும் இவ்வுயிரே. தோட்டத்து வாழையையும் பேரியையும் அது தின்னும் என்பதும் உண்மை. வலை கட்டிக் காக்கும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பதே முறை.

தமிழகத்தின் சில சிற்றூர்களில், மரத்து வௌவால்கள் அஞ்சுமென்று தீபாவளி வெடியையே மக்கள் கைவிட்டுள்ளனர். அவர்கள் எந்த ஆய்வேட்டையும் படித்தவர்கள் அல்லர். மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி பெறவேண்டும் என்று 1955 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அவ்விண்ணப்பத்தில் ‘வௌவால் தங்கும் மரமா?’ என்றொரு வினாவையும் சேர்க்குமாறு அரசை வேண்டுகிறோம்.