சதுர அடியும் சாதித் தெருவும்

நகராட்சியிலிருந்து ஒரு தாள் வருகிறது. வரிவிதிப்பு எண், பெயர், கதவு எண், அடியில் ஒரு தொகை. அம்மா அதை வாங்கி அலமாரியில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்கிறார். தேதி முடிவதற்குள் வீட்டிலிருந்து யாராவது போய்க் கட்டிவிட்டு வருகிறார்கள். "போன தடவையைவிட ஏன் சார் கூடியிருக்கு?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது" என்று பதில் வரும். அதற்குமேல் கேட்க நமக்கு வார்த்தை இருப்பதில்லை.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் சொத்து வரிக்கு என்ன வேலை என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். அந்தத் தாளில் இருப்பது நம் வீட்டைப் பற்றி அரசு போட்டிருக்கும் ஒரு கணக்கு. கணக்கில் பிழை இருக்கலாம். பிழை என்று சொல்லி முறையிடும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துபவர்கள் யார், பயன்படுத்தாதவர்கள் யார் என்று பார்த்தால், பேச வேண்டியது நாம்தான் என்பது விளங்கும்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். வீட்டின் பரப்பளவு, அது குடியிருப்பா கடையா என்ற பயன்பாடு, கூரையா ஓடா கான்கிரீட்டா என்ற கட்டட வகை, கட்டடத்தின் வயது, சொந்தக்காரரே குடியிருக்கிறாரா வாடகைக்கு விட்டிருக்கிறாரா, எந்தத் தெரு அல்லது எந்த மண்டலம் ஆகியவற்றை வைத்து 'ஆண்டு வாடகை மதிப்பு' என்ற ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். அதன்மீது ஒரு விகிதம் போட்டு, அரையாண்டுக்கு ஒருமுறை வரி கேட்கிறார்கள். இதில் எந்த ஒன்று தவறாகப் பதிவானாலும் தொகை தவறும்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும் பெரிதாக மாறாமல் இருந்த சொத்து வரியை, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு உயர்த்தியது. இடையில் 2018இல் வந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஒன்றிய அரசின் 15ஆவது நிதி ஆணையம் விதித்த நிபந்தனையும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம். சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்குமேல் 100 விழுக்காடு உயர்வு. சென்னையின் பழைய மாநகரப் பகுதியில் இதே படிகளுக்கு 50, 75, 100, 150.

இப்போது ஒரு சிறு நகரத்தில் 590 சதுர அடி வீடு. பழைய வரி அரையாண்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 விழுக்காடு கூடினால் 500. அதே வீட்டைப் பதிவேட்டில் 610 சதுர அடி என்று எழுதிவிட்டால் 50 விழுக்காடு கூடி 600 ஆகிவிடும். இடையில் இருப்பது வெறும் இருபது சதுர அடி. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு மறைத்த ஒரு குளியலறையின் அளவு. அந்த இருபது சதுர அடிக்காக ஆண்டுக்கு 200 ரூபாய் கூடுதலாகப் போகும். அடுத்தடுத்த உயர்வுகளும் இந்தத் தவறான தொகையின் மேல்தான் ஏறும்.

வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவின் நிலை இன்னும் மோசம். வணிகப் பயன்பாட்டுக்கு அதே 2022இல் சென்னைக்கு வெளியே 100 விழுக்காடு உயர்வு. கடை இருப்பது எட்டடிக்கு எட்டடித் திண்ணை. அளக்க வந்தவர் முழு வீட்டையும் வணிகம் என்று எழுதிவிட்டுப் போனால், அவர் படுக்கும் அறைக்கும் கடைக்கான வரிதான்.

இவையெல்லாம் யாருக்கும் நேரக்கூடிய பிழைகள். சாதி எங்கே வருகிறது? 'வாடகை மதிப்பு' என்ற சொல்லிலேயே வருகிறது.

ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற கற்பனைதான் இந்த வரியின் அடித்தளம். நம் ஊர்களில் வாடகை நியாயமாகவா அமைகிறது? வீடு தேடிப் போகும் தலித் இளைஞரிடம் "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு, கறி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டே கதவைச் சாத்துகிறார்கள். அதே சமயம் சேரியில் நல்ல கான்கிரீட் வீடு காலியாக இருந்தாலும் ஊர்த்தெருக்காரர் குடிவர மாட்டார். ஆக, ஒரே அளவு, ஒரே வயது, ஒரே வகைக் கட்டடம் இரண்டு இருந்தாலும் சேரியில் இருப்பதற்குக் கிடைக்கும் வாடகை குறைவு. விற்கப்போனாலும் விலை குறைவு. பேருந்து நிலையத்துக்குப் பக்கம் என்பதாலோ ஒரே வார்டு என்பதாலோ இரண்டு தெருக்களையும் ஒரே மண்டலத்தில் போட்டுவிட்டால், வரித்தாளில் மட்டும் இரண்டு வீடும் சமம். சந்தையில் சாதி பார்த்து மதிப்பைக் குறைப்பார்கள். வரி கேட்கும்போது சமத்துவம் பேசுவார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போனால் மட்டும் அந்தத் தெருவின் வாடகை ஏறிவிடாது.

இப்படி நடப்பது நம் நாட்டில் மட்டுமல்ல. அமெரிக்காவில் இதை எண்களோடு நிறுவியிருக்கிறார்கள். ஒரே அளவு பொதுச் சேவையைப் பெறும் கறுப்பின, ஹிஸ்பானிய வீட்டு உரிமையாளர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 13 விழுக்காடு கூடுதல் சொத்து வரிச் சுமையைத் தாங்குகிறார்கள் என்று இரண்டு பொருளியலாளர்களின் ஆய்வு காட்டியது. மதிப்பீட்டுச் சூத்திரம் வீட்டை அளக்கிறது. அந்தக் குடியிருப்பைச் சந்தை எவ்வளவு தாழ்வாகப் பார்க்கிறது என்பதை அளப்பதில்லை. சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில், மலிவான வீடுகளுக்கு மிகையாகவும் விலை உயர்ந்த வீடுகளுக்குக் குறைவாகவும் மதிப்பிட்டதை 2017இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் தொடராக வெளியிட்டது. மதிப்பீட்டுத் தலைவர் அங்கே தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுபவர். பல ஆண்டுகள் பதவியில் இருந்தவர் 2018இல் தம் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார்.

அந்த அனுபவத்தில் நமக்கு முக்கியமான பாடம் வேறொன்று. அங்கே மேல்முறையீடு எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆனால் வக்கீல் வைத்து முறையிட்டு வரியைக் குறைத்துக்கொண்டவர்களில் வசதியான பகுதிக்காரர்களே அதிகம். அநீதியைச் சரிசெய்ய வைத்த கதவு வழியாகவே அநீதி இன்னும் பெருகியது. இங்கேயும் மாடி மேல் மாடி கட்டியவருக்கு ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், கவுன்சிலரின் அலைபேசி எண் இருக்கிறது. நம் அம்மாவுக்கு அலமாரிதான் இருக்கிறது.

எனவே கதவைத் தட்டக் கற்றுக்கொள்வோம். வரித்தாள் வந்தவுடன் டேப்பை எடுத்து வீட்டை அளந்துவிடுங்கள். வரிவிதிப்புப் பதிவேட்டில் உங்கள் வீட்டுக்கு எழுதியிருக்கும் பரப்பளவு, பயன்பாடு, கட்டட வகை, வயது, மண்டலம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகத் தர மறுத்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்த 30 நாள் முடியும்வரை முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அறிவிப்பில் போட்டிருக்கும் கெடு யாருக்காகவும் காத்திருக்காது.

பிழை கண்டால் ஆணையருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். "வரி அதிகம், ஏழைகள், குறைத்துத் தாருங்கள்" என்று கெஞ்சி எழுதினால் அது கருணை மனுவாகிவிடும். "பதிவில் 610, உண்மை அளவு 590, மறுஅளவீடு செய்க" என்று எழுதுங்கள். "வணிகப் பயன்பாடு 64 சதுர அடி மட்டுமே, எஞ்சியது குடியிருப்பு" என்று எழுதுங்கள். மண்டலம் பொருந்தவில்லை என்றால், அதே தெருவில் இருக்கும் மற்ற வீடுகளின் வாடகையைக் காட்டுங்கள். பழைய ரசீதுகள், புகைப்படங்கள், கையால் போட்ட வரைபடம் போதும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மறுத்தால் பதிவு அஞ்சல் இருக்கிறது. மறுஅளவீட்டுக்கு வரும்போது வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் கூட நில்லுங்கள்.

ஆணையரின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் வரி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதில் நாம் வாக்களித்த கவுன்சிலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கும் மேலே நீதிமன்றம். முறையீடு நிலுவையில் இருப்பதாலேயே வரி நின்றுவிடாது. 'ஆட்சேபணைக்கு உட்பட்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துவது பாதுகாப்பு. புறம்போக்கில் குடியிருப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: வரி ரசீது பட்டா ஆகாது. குடியிருப்புக்கு அது ஒரு சான்று. நில உரிமைக்கான போராட்டம் தனியாகத் தொடர வேண்டும்.

வரியே கூடாது என்பது நம் நிலைப்பாடு அல்ல. உள்ளாட்சியிடம் பணம் இல்லையென்றால் முதலில் கைவிடப்படுவது நம் தெருவின் சாக்கடைதான். முதலில் நிலுவையில் வைக்கப்படுவது தூய்மைப் பணியாளரின் கூலிதான். நாம் கட்டும் வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. நம் பகுதியில் நூலகம் எங்கே என்று கேட்கும் தகுதியும் அந்த ரசீதில் இருக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு உரிய வரியை முழுமையாக வசூலியுங்கள், சிறிய வீடுகளின் பிழைகளைத் திருத்துங்கள், எந்தத் தெரு எந்த மண்டலம், ஏன் என்பதைக் காரணத்தோடு பொதுவில் வையுங்கள் என்பதே கோரிக்கை.

வரிக்கும் உரிமைக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு என்றிருந்த காலத்தில், 1919இல் சவுத்பரோ குழுவின் முன் நின்று, தீண்டப்படாதோருக்கு அந்தத் தகுதி வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று வாதிட்டார் அம்பேத்கர். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அரசு அலுவலகங்களும் நம் மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். அலுவலகத்துக்குள் கால் வைக்கவே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அங்கே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வாய் திறக்காமல் திரும்புவதற்காக அவர்கள் போராடவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டு அந்தத் தாளை எடுங்கள். உங்கள் வீட்டை அளந்து முடித்ததும் டேப்பை மடித்து வைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டையும் அளந்து கொடுங்கள்.