எறும்புப் புற்றுக்குள் குளவி – நம்பிக் காத்திருக்கலாமா?

திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-ஆம் ஆண்டு மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் பெருகி, விவசாயிகளைத் தோட்டத்தில் கால் வைக்க விடாமல் அடித்தன. இவ்வெறும்பு கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண்ணில் அது பட்டுப் பார்வை கெட்டதாக மக்கள் முறையிட்டனர். எலிக்குப் பாம்பு இருப்பதுபோல் எறும்புக்கு ஓர் எதிரி இல்லையா என்ற கேள்வி அப்போது எழுந்தது நியாயமே.

எதிரி உண்டு. யூகாரிட்டிட் என்னும் குளவிக் குடும்பத்தில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வாழ்க்கை முறை அறியப்பட்ட இனங்கள் எல்லாம் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளர்பவை. வெப்ப நாடுகளில் இவை மிகுதி. ஆனால் தாய்க்குளவி புற்றை நெருங்குவதே இல்லை. எங்கோ ஒரு செடியின் இலையிலோ மொட்டிலோ முட்டைகளை இட்டுவிட்டு அது இறந்துபோகும். முட்டையிலிருந்து வரும் புழு ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இரை தேடி அவ்வழியே வரும் எறும்பின் உடலிலோ, எறும்பு தூக்கிச் செல்லும் இலைப்பேன் போன்ற பூச்சியின் உடலிலோ தொற்றிக்கொண்டு அது புற்றுக்குள் நுழைகிறது. அங்கே எறும்பின் புழுவைப் பற்றி, அது கூட்டுப்புழுவாகும் வரை பொறுத்திருந்து பிறகு உறிஞ்சித் தீர்க்கிறது. புற்றின் மணம் அதன் மேனியில் படிந்துவிடுவதால், காவல் எறும்புகளே அதைத் தம் குஞ்சு என்று எண்ணி நக்கிச் சுத்தம் செய்கின்றன. இறக்கை முளைத்த குளவியைச் சில சமயம் எறும்பே வாயில் கவ்வி வாசலில் விட்டுவிடுவதும் உண்டு! வீட்டுக்குள் திருடனை வளர்த்து வழியனுப்பியும் வைக்கும் கதைதான்.

கேட்க வியப்பாயிருக்கிறது. ஆனால் இதை வளர்த்து வயலில் விட்டால் எறும்புத் தொல்லை ஒழியும் என்று நம்புவது சரியல்ல. ஒவ்வொரு குளவி இனமும் தனக்குப் பழக்கமான எறும்பு வகையைத்தான் நாடும். புற்றில் சில குஞ்சுகள் குறையுமே தவிரப் புற்று அழியாது. மஞ்சள் பைத்தியக்கார எறும்புக்கோ ஒரே புற்றில் பல ராணிகள். ஆயிரம் குஞ்சு போனால் அடுத்த மாதம் ஈடு கட்டிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒராசிமா என்னும் இவ்வகைக் குளவி, பெருந்தலைக் காவலர்களைக் கொண்ட ஃபைடோல் எறும்பின் புற்றில் வளர்வது 1963-இல் ஆராய்ந்து எழுதப்பட்டது. அந்த ஆராய்ச்சி நடந்ததே அக்குளவி தேயிலையைக் கெடுத்ததால்தான்! முட்டையிடுவதற்காக அது தேயிலையைக் குத்திக் குத்திப் புள்ளி விழச் செய்தது. அதே ஆண்டு கெர்ரிச் என்ற பூச்சியியலார் தேயிலையைச் சேதப்படுத்தும் இக்குடும்பக் குளவிகள் இரண்டை விவரித்திருக்கிறார். 'இயற்கை எதிரி' என்ற பெயரைக் கேட்டதும் நன்மை செய்யும் பூச்சி என்று முத்திரை குத்திவிடுவது நம்மிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. யாருக்கு எதிரி, யாருடைய பயிரில் முட்டையிடும் என்று கேட்ட பிறகே குத்த வேண்டிய முத்திரை அது.

இதே எறும்பால் செந்நண்டுகளை இழந்த கிறிஸ்துமஸ் தீவின் அனுபவம் நமக்குப் பயன்படும். ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவியும் அங்கே எறும்பு திரும்பத் திரும்பப் பெருகியது. எறும்புக்குத் தேன்போன்ற கழிவைத் தந்து ஊட்டி வளர்ப்பது மரத்திலுள்ள அரக்குச் செதில் பூச்சி என்று கண்டறிந்தார்கள். அதைத் தாக்கும் 2 மில்லிமீட்டர் குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து, வேறு பூச்சிகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்த பின், 2016 டிசம்பரில் விட்டார்கள். கை வைத்தது எறும்பின் மேல் அல்ல, அதன் சாப்பாட்டின் மேல்.

தமிழகத்துக்கும் இந்த வழி புதிதல்ல. 2008-இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. எறும்பு மொய்க்கும் மரத்தில் மட்டும் இத்தகைய குளவிகளுக்கு வேலை செய்ய இடமில்லை. மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பு அவற்றைத் துரத்திவிடும். எறும்பைக் கண்டதும் தோட்டம் முழுக்க மருந்தடிப்பவர் முதலில் கொல்வது இந்தக் குளவிகளைத்தான். மாவுப்பூச்சியோ மெழுகுப் போர்வைக்குள் பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே எறும்பு ஏறும் மரத்தில் முதலில் கொழுந்தையும் இலையின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி, செதில் பூச்சி அப்பிய கிளைகளை வெட்டி எரித்துவிடலாம். தரையைத் தொடும் கிளைகளையும் கழித்துவிட்டு, அடிமரத்தில் பாலித்தீன் தாளைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவலாம். கிரீஸை நேரே பட்டையில் பூசக்கூடாது. தூசி படிந்து காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும். ஒரு புல் சாய்ந்து மரத்தில் பட்டால் போதும், எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும்.