கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

மலையேறி இறங்குகிறவர்களுக்கு ஏது கொழுப்பு என்று பெரட்டுக்களத்தில் பேசிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. கொலஸ்ட்ரோல் துரைமாரின் வருத்தம், நாளெல்லாம் கொழுந்துக் கூடை சுமப்பவரை அது அண்டாது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். உடலுழைப்பு இருதயத்துக்கு நல்லதுதான். ஆனால் உழைப்பு மட்டுமே காவல் ஆகிவிடாது. ஒல்லியான உடம்பிலும் கொலஸ்ட்ரோல் ஏறும். தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அது கூடுவதும் வழக்கம்.

கொலஸ்ட்ரோல் முழுக்க வேண்டாத பொருளும் அல்ல. உடம்புக்கு அது தேவை. ஈரலே அதை உற்பத்தி செய்கிறது. எல்.டி.எல். எனப்படும் கெட்ட வகை மிகுந்தால் இரத்தக் குழாயின் சுவரில் படிந்து வழியை அடைக்கிறது. எச்.டி.எல். எனப்படும் நல்ல வகை, மிஞ்சியதை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறது. படியும் காலத்தில் வலியில்லை, காய்ச்சலில்லை. பல வருடங்கள் ஒன்றும் தெரியாது. சிலருக்கு மாரடைப்போ பாரிசவாதமோதான் முதல் அறிகுறி. அப்போதும் நெஞ்சு அடைப்பதை வாய்வு என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி குடித்துப் படுத்துக்கொள்கிறோம். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை மோசமான டிவிஷன்களில், தோட்டத்து வாகனத்தில் பிரதான வீதிவரை கொண்டுவர யார் பொறுப்பு என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டு விடயத்தில் ஓட்ஸ் சாப்பிடுங்கள், ஒலிவ் எண்ணெய் வாங்குங்கள் என்று நாம் எழுதப்போவதில்லை. நமது சம்பளம் நமக்குத் தெரியும். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும் ஆசைக்காக வந்த சாப்பாடு அல்ல, கைக்காசு கொண்டுவந்த சாப்பாடு. ஆனாலும் செலவில்லாமல் மாற்றக்கூடியவை உண்டு. ரொட்டி மாவில் மாஜரின் சேர்ப்பதைக் குறைக்கலாம். வடை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை விடலாம். தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்பது உண்மை; ஆனால் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.லைக் கூட்டும். அதனால் கட்டிப்பாலை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். கோழித் தோலையும் அப்படியே. பருப்பு, கடலை, கௌபி, லயத்துக்குப் பின்னால் நட்ட கீரை, போஞ்சி எல்லாம் இரத்தக் குழாய்க்கு நண்பர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலை, பீடி, சாராயம், கசிப்பு பற்றி வீட்டுப் பெண்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஏறியிருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பொதுவாக மொத்தக் கொலஸ்ட்ரோல் 200 மில்லிகிராமுக்குக் கீழேயும் எல்.டி.எல். 100க்குக் கீழேயும் இருப்பது நல்லது. சீனி வருத்தம் உள்ளவருக்கும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் இன்னும் குறைவாக இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லலாம். டொக்டர் மாத்திரை எழுதினால், ரிப்போர்ட் சரியாக வந்த மாதமே நிறுத்திவிடுபவர்கள் நம்மில் அநேகர். அது சரியாக வந்ததே மாத்திரையால்தான். தசை வலி வந்தாலும், பிள்ளை தங்கியிருந்தாலும் டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றட்டும். கொழுப்பைக் கரைக்கும் தூள் என்று சந்தையில் விற்பவனை நம்பி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மருந்தை விட்டுவிடாதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு நிர்வாகங்களிடம் ஒரு கேள்வி. இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு விடியலில் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, வரிசையில் நின்று, மருந்து வாங்கித் திரும்பும்போது பகல் தாண்டிவிடுகிறது. அன்றைக்குப் பேர் இல்லை. மாதம் ஒரு கிளினிக் என்றால் மாதம் ஒரு நாள் சம்பளம் போகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். கிளினிக்கை விடுகிறவர் உடம்பில் அக்கறையில்லாதவர் அல்ல, கணக்குப் பார்க்கிறவர். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோவையும் விடாமல் பார்க்கும் தோட்டம், அதைப் பறிக்கும் கையின் இரத்தத்தையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

கிளினிக் கொப்பியில் திகதியும் முத்திரையும் இருந்தால் அந்த நாளுக்குச் சம்பளத்தோடு பேர் போட வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியிலேயே வருடாந்த இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இவை இரண்டையும் நிர்வாகங்களுடனான அடுத்த பேச்சுவார்த்தையில் எமது சங்கம் முன்வைக்கும். கிளினிக்குப் போய்ச் சம்பளம் இழந்தவர்களின் நாட்களைத் தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் டிவிஷன் வாரியாக எழுதி, மாதம் முடிவதற்குள் மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படைக்கவும். நோய் என்னவென்று எழுதத் தேவையில்லை. நாளும் இழந்த சம்பளமும் போதும்.