பட்டம் பெற்ற பிள்ளையும் பேசத் தயங்கும் நாவும்



சென்னை சென்ட்ரலை நோக்கி வரும் இரயில்கள் யாவும் பேசின் பிரிட்ஜ் சந்திப்பைக் கடந்தே உள்ளே நுழைதல் வேண்டும். நடைமேடை ஒழியும் வரையில் வண்டி அவ்விடத்தில் நின்றுவிடுவதும், சேரவேண்டிய இடம் கண்ணெதிரே இருந்தும் இறங்க இயலாமல் பயணிகள் தவிப்பதும் நாம் அடிக்கடி காணும் காட்சிகள். அப்பாலத்தைச் சுற்றி வாழும் நம் இல்லங்களின் பிள்ளைகள் பலருடைய நிலையும் இன்று ஏறத்தாழ இதுவே. தந்தை ஆட்டோ ஓட்டியோ, இறைச்சிக் கடையில் நின்றோ, தோல் மண்டியில் சுமை தூக்கியோ படிக்க வைத்தார். மகன் பி.காம். முடித்தான், மகள் பி.எஸ்சி. முடித்தாள். எழுத்துத் தேர்விலும் தேறினார்கள். ஆனால் நேர்முகத் தேர்வில் மேசைக்கு அப்புறம் அமர்ந்திருப்பவர், “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டதும் நா எழவில்லை. கற்ற கணக்கும் அறிவியலும் தொண்டையிலேயே தங்கிவிட்டன.

இக்குறையைப் போக்கும் பொருட்டே ‘மென்திறன்கள்’ என்ற சொல் இப்பொழுது கல்லூரிகள்தோறும் பேசப்படுகிறது. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சு, நேர்முகத் தேர்வுப் பயிற்சி முதலியன இடம்பெற்றுள்ளன. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டரும் வெல்டரும் பயிலும் மாணவருக்குக்கூட வேலைவாய்ப்புத் திறன் என்று ஒரு தனிப்பாடம் உண்டு. செவிமடுத்துக் கேட்டல், தெளிவுறப் பேசுதல், பிறரோடு இணைந்து பணியாற்றுதல், குறித்த வேளையில் முடித்தல், சினத்தை அடக்குதல், நேர்ந்த தவற்றை ஒளியாது உரைத்தல் ஆகிய இவையே அப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

இப்பெயர் வழக்கிற்கு வந்தது கல்லூரியிலன்று, போர்ப்படை முகாமில் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்கத் தரைப்படையினர் 1972 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பிளிஸ் முகாமில் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டினர். எந்திரங்களைக் கையாளும் திறன் வன்திறன் எனவும், மனிதரையும் காகிதங்களையும் கையாளும் திறன் மென்திறன் எனவும் அவர்கள் பிரித்துப் பேசினர். அதற்கும் முன்னர், 1918 இல், கார்னகி அறக்கட்டளைக்காகப் பொறியியற் கல்வியை ஆராய்ந்த சார்லஸ் மான் என்பார், நல்ல பொறியாளருக்கு எது முதன்மையானது என்று ஆயிரக்கணக்கான பொறியாளர்களிடமே கேட்டார். அவர்கள் நன்னடத்தையை முதலிடத்திலும், நிதானித்து முடிவெடுக்கும் ஆற்றலை அதற்கடுத்தும் வைத்தார்கள்; தொழில் நுணுக்கத்திற்குக் கடைசி இடமே கிடைத்தது. (வேலையில் வெற்றி பெறுவதற்கு நூற்றுக்கு 85 பங்கு மென்திறனே காரணம் என்று பயிற்சி மேடைகளில் ஒரு கணக்கு முழங்கப்படுகிறதே, அதனை நான் நம்புவதில்லை. மனிதப் பண்பை அவ்வளவு நறுக்காக நிறுத்துப் பார்க்கும் தராசு எவரிடமும் இல்லை.)

இதைக் கேட்டதும் நம் சமுதாயத்தில் இரு சாரார் இரு வழியில் செல்கின்றனர். பெரியவர்களுள் சிலர், இது முதலாளியிடம் பல்லிளிக்கக் கற்பிக்கும் வித்தை, நமக்கு வேண்டாம் என்று ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார், கழுத்துப் பட்டியும் நுனிநாக்கு ஆங்கிலமுமே மென்திறன் என்று எண்ணி, நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கூடங்களில் கட்டணம் செலுத்துகின்றனர். முந்தியவர்கள் நம் வீட்டுப் பொருளையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிடுகின்றனர். பிந்தியவர்களோ அதன் உறையை மட்டும் விலைக்கு வாங்குகின்றனர்.

நம் வீட்டுப் பொருள் என்று நான் கூறுவது ஏன்? அருள்மறையாம் திருக்குர்ஆனில், ‘கஸஸ்’ என்னும் அத்தியாயத்தில், வேலைக்கு ஆள் அமர்த்தும் நிகழ்ச்சி ஒன்று கூறப்படுகிறது. எகிப்திலிருந்து தப்பி மத்யன் நகரத்து நீர்த்துறைக்கு வந்து சேர்ந்த மூஸா (அலை) அவர்கள், ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களுள் ஒருவர் தம் தந்தையிடம், இவரையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைக்கும்போது இரண்டு தகுதிகளைச் சேர்த்தே குறிப்பிடுகின்றார். ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகம். வலிமை என்பது தொழிலைச் செய்யும் ஆற்றல். இன்றைய பட்டமும் சான்றிதழும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. நம்பகம் என்பதோ ஒருவர் பார்வையைத் தாழ்த்துவதிலும், கூலி பேசாமல் உதவுவதிலும், அமைதியாக ஒதுங்கி அமர்வதிலும் வெளிப்படுவது. எந்தச் சான்றிதழையும் காட்டாமலே அந்த ஊரறியாப் புதியவருக்கு வேலை கிடைத்தது. அவரது நடத்தையே அவருக்காகப் பேசிற்று.

இதனை நம் துறைமுகப் பகுதியின் ஒரு தொழிலோடு பொருத்திப் பாருங்கள். இராயபுரத்திலும் பாரிமுனையிலும் சுங்க அனுமதி பெற்றுத்தரும் கிளியரிங் அலுவலகங்கள் பல உள்ளன. அவற்றில் வேலைக்குச் சேரும் இளைஞன் நாள் முழுதும் சந்திக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்! சுங்க அதிகாரி, கப்பல் கம்பெனி எழுத்தர், கண்டெய்னர் லாரி ஓட்டுநர், சரக்கை எதிர்நோக்கிப் பொறுமையிழந்த வணிகர் என ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விதமாகப் பேசவேண்டும். இறக்குமதிப் பத்திரத்தில் எடையையோ சரக்கின் வகையையோ பிழையாகப் பதிவு செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். திட்டு விழுமே என்று அஞ்சி மூன்று நாள் மறைத்தால், கண்டெய்னர் துறைமுகத்திலேயே நின்று, இலவச நாட்கள் கழிந்து, வாடகை ஏறத் தொடங்கும். அன்று மாலையே மேலாளரிடம் சென்று, “இவ்விடத்தில் பிழை நேர்ந்துவிட்டது, திருத்த மனு எழுதியிருக்கிறேன், பாருங்கள்” என்று கூறுபவன் பெருஞ்செலவைத் தடுத்துவிடுவான். கணிப்பொறியில் எவ்வளவு விரைந்து தட்டச்சு செய்தாலும் இந்தத் துணிவு அதனால் வந்துவிடாது. அமானிதம் என்று மக்தபில் நாம் ஓதிக் கொடுக்கிறோமே, அலுவலகத்தில் அது தோன்றும் வடிவம் இதுவே.

முன்பெல்லாம் இந்தத் தேவை இவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை. பெரம்பூரில் பி அண்டு சி மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தறியின் முன் நிற்பவனுக்குக் கையும் கண்ணும் போதும். பேச்சு அவ்வளவாக வேண்டியதில்லை. அம்மில் 1996 இல் மூடப்பட்டுவிட்டது. இன்று நம் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் வேலைகளில் பெரும்பாலானவை மருத்துவமனை வரவேற்பிடம், சரக்குப் போக்குவரத்து, வங்கி முகப்பு, மென்பொருள் நிறுவனம் என்று மனிதரோடு மனிதர் உறவாடும் வேலைகளாகவே இருக்கின்றன.

மொழியைப் பற்றி ஒரு சொல். பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்புத் தெருக்களில் வளரும் குழந்தை வீட்டில் உருதுவோ தமிழோ பேசுகிறது. அண்டை வீட்டில் தெலுங்கு கேட்கிறது. கடைத்தெருவில் இந்தி பேசும் வடநாட்டுத் தொழிலாளரோடு பழகுகிறது. யாரிடம் எம்மொழியில் எவ்வாறு பேசினால் காரியம் ஆகும் என்பதைப் பத்து வயதிலேயே அறிந்துகொள்கிறது. பெருநிறுவனங்கள் பணம் கொடுத்துக் கற்பிக்கும் திறனில் பாதி இதுவேயன்றோ! ஆயின் அதே பிள்ளையை, “உன் பேச்சு சென்னைக் கொச்சை; வாயைத் திறவாதே” என்று நாமும் பள்ளியும் சேர்ந்து வெட்கப்பட வைத்துவிடுகிறோம். வெட்கம் படிந்த நாவில் ஆங்கிலமும் ஏறாது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. கட்டாயம் வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள், யூதர்களுடன் நடைபெறும் கடிதப் போக்குவரத்திற்காக ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அவர்தம் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அவ்விளைஞர் அரைமாத அளவிலேயே கற்றுத் தேர்ந்தார். தேவைக்காகக் கற்ற மொழி அது. அதைக் கற்றதனால் தம் தாய்மொழியைக் குறித்து அவர் நாணவில்லை.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்கள் படிக்கவேண்டிய மற்றொரு வரலாறும் உண்டு. மக்காவின் கொடுமை தாளாமல் அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களைத் திருப்பியனுப்புமாறு கேட்க, குறைஷியர் இரு தூதர்களை அனுப்பினர். மக்காவின் பதப்படுத்திய தோல்களை அத்தூதர்கள் காணிக்கையாகக் கொண்டுசென்று அரசவையினரை முன்கூட்டியே வசப்படுத்தியிருந்தார்கள். அகதிகளோ தமக்குள் கலந்தாலோசித்து, நேர்வது நேரட்டும், உண்மையையே உரைப்போம் என்று உறுதி செய்து, ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களைப் பேசவைத்தனர். ஜஃபர் அவர்கள் எவரையும் வசைபாடவில்லை. தாங்கள் முன்னர் இருந்த இழிநிலையை மறைக்கவுமில்லை. நபியவர்கள் கற்பித்தவை எவை, அதற்காகத் தாங்கள் அடைந்த துன்பம் யாது, மற்ற நாடுகள் இருக்க இந்நாட்டை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று வரிசைப்படக் கூறினார்கள். கேட்பவர் கிறித்தவ மன்னர் என்பதை உணர்ந்து ‘மர்யம்’ அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள். மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிச் சிக்கலான வினா எழுந்தபோது, மன்னரின் மனம் குளிரட்டும் என்று கொள்கையை ஓரிழையும் தளர்த்தினார்களில்லை. கேட்பவரை மதித்தும், உள்ளதை உள்ளபடியும் பேசுவது இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. பல்லிளிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு என்பதை, மென்திறனை ஒதுக்கும் பெரியவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நன்றாகப் பேசுவது பணிந்து போவதற்கு மட்டுமே என்று கருதுவோர் நம் பகுதியின் வரலாற்றையும் பார்க்கவேண்டும். மேலே கூறிய அதே 1918 இல், ஏப்ரல் 27 அன்று, பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். உண்ணும் இடைவேளை போதவில்லை என்பது போன்ற குறைகளை, தனித்தனியே முணுமுணுத்துக் கொண்டிருந்த மில் தொழிலாளர்கள், ஒன்றுகூடி முறையாக எடுத்துரைக்கக் கற்றது அங்கேதான். குறையை வகைப்படுத்தி, சினமின்றி, எவரும் மறுக்க இயலாத விதத்தில் முன்வைப்பதும் மென்திறனே. அதே மண்ணில் 1921 இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில், ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரே மில்லில் உழைத்தவர்கள் ஒருவர் அச்சத்தை ஒருவர் கேட்டறியாமற்போனதன் விலை அது. அதில் நம்மவர் ஒரு பக்கத்தில் நின்றார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். நாளை அலுவலகத்தில் அவர்கள் யாருடன் அருகருகே அமர்ந்து வேலை செய்யப்போகிறார்களோ, அவர்களுடைய பாட்டன்மாரின் வரலாறும் அதுவாக இருக்கக்கூடும்.

இவ்வளவு கூறியபின் வேலை கொடுப்போருக்கும் ஒன்று கூறாதிருத்தல் நீதியன்று. வடசென்னை முகவரியைக் கண்டதும் விண்ணப்பத்தை அடியில் தள்ளுவதும், தாடியையும் தலைத்துணியையும் பார்த்தவுடன் “பிறகு சொல்லி அனுப்புகிறோம்” என்பதும் நடக்கவே செய்கின்றன. அந்தக் கதவை எத்தனை இன்சொற்களாலும் பிள்ளை திறக்க முடியாது. குறை அவனிடம் இல்லை. நம்மவருள்ளும் கடை வைத்திருப்போர், பட்டறை நடத்துவோர் உளர். வேலைக்காரப் பையனைத் தந்தை பெயர் சொல்லித் திட்டுவோர், அவன் வேறெங்கோ சென்று மரியாதையாகப் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு? அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை புரிந்தும், ஒருநாளும் சலிப்புச் சொல் கேட்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள்.

வீட்டிலும் இவ்வாறே. விருந்தினர் வந்தால் பிள்ளையை உள்ளே போகச் சொல்கிறோம். மருத்துவர் பிள்ளையிடம் “என்ன செய்கிறது?” என்று கேட்டால் அத்தா விடையளிக்கிறார். வங்கிப் படிவத்தை அண்ணன் நிரப்புகிறான். திருமணப் பேச்சிலிருந்து படிப்பு வரை பெண் பிள்ளைக்காக எல்லோரும் பேசுகிறார்கள். அவள் பேசினால் வாயாடி என்கிறோம். இருபத்தோரு ஆண்டுகள் இவ்வாறு வளர்த்துவிட்டு, இருபத்திரண்டாம் வயதில் அந்நியர் ஐவர் முன்னே சரளமாகப் பேசு என்றால் எங்ஙனம் பேசுவார்கள்? மத்யன் நகரத்துப் பெண் தம் தந்தையிடம் கருத்துரைத்ததும் தந்தை அதை ஏற்றதும் மறையில் இடம்பெற்றவை என்பதைத் தாய்மார்களும் தந்தைமார்களும் நினைவில் கொள்க. வீட்டுச் செலவுக் கணக்கை மாதம் ஒருமுறை மகளை வாசிக்கச் செய்யுங்கள். மின்வாரிய அலுவலகத்திற்கு மகனை அனுப்புங்கள். வரிசையில் நின்று, மறுமொழி கேட்டு, மீண்டும் வினவி, காரியத்தை முடித்து வரட்டும். முதல்முறை பாதியில் திரும்பி வந்தால் திட்டாதீர்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று அமர வைத்துக் கேளுங்கள்.

ஜமாஅத்தார் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மஹல்லாதோறும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், துறைமுகப் பணியாளர், ஆசிரியை, செவிலியர் என்று சிலர் இருப்பார்கள். மாதத்தில் இரு ஞாயிறு முற்பகல் மதரஸா மண்டபத்தைத் திறந்து, அவர்களைக் கொண்டு கடைசி ஆண்டு மாணவ மாணவியருக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தலாம்; மாணவியருக்குத் தனி வேளை ஒதுக்கலாம். பிற சமயத்துப் பிள்ளைகளும் அத்தெருவில் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். வினா தமிழிலும் இருக்கட்டும், ஆங்கிலத்திலும் இருக்கட்டும். கேள்வி கேட்கும் நாற்காலியில் பெரியவர்கள் மட்டும் அமராமல், பிள்ளைகளையும் முறைவைத்து அமர்த்துங்கள்; எதிரில் இருப்பவரின் விடையில் எது தெளிவாக இருந்தது, எது மழுப்பலாக இருந்தது என்பது அந்த நாற்காலியிலிருந்து பார்க்கும்போது அவர்களுக்கே விளங்கிவிடும்.