தண்ணீர்ப் பந்தலும் உச்சிவேளைக் கூலியும்

திருநெல்வேலியினின்று சங்கரன்கோவிலுக்குச் செல்லும் பெருவழியிலே பனவடலிசத்திரம் என்றோர் ஊர் உண்டு. வடலி என்பது இளம்பனை. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்குமிடம். வெயிலால் வாடி வருவோர்க்கு நிழலும் நீரும் அளித்தல் வேண்டுமென்னும் எண்ணம் அவ்வூர்ப் பெயரிலேயே குடிகொண்டிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கோடைதோறும் நாற்சந்திகளிற் பந்தலிட்டு நீரும் மோரும் வழங்குவது அவ்வெண்ணத்தின் வழிவந்ததே. நன்று. ஆயினும் பந்தல் சாலையில் இருக்கிறது. வெயிலால் வீழ்வோரிற் பலர் சாலையில் இல்லை. காட்டிற் களையெடுக்கும் பெண்டிர், செங்கற்சூளையில் உழைப்போர், ஆட்டுமந்தையின்பின் அலைவோர், தகரக்கூரையின்கீழிருந்து பீடி சுற்றுவோர், திண்ணையினின்று எழமாட்டாத முதியோர் ஆகிய இவர்கள் ஒரு குவளை மோருக்காக ஒரு மைல் நடந்து வருவரோ?

நண்பகல் 12 மணிமுதல் 3 மணிவரை வெளியிற் செல்லற்க என்று எச்சரிக்கை வருகிறது. நல்ல யோசனையே. ஆனால் அன்றாடங்காய்ச்சிக்கு அம்மூன்று மணி நேரத்தை விடுவது அன்றைய கூலியை விடுவதாகும். மேலும், சமவெளியில் வெப்பம் 40 பாகையை எட்டினாலன்றி அதனை வெப்ப அலையென வானிலைத் துறையார் கொள்வதில்லை. 39 பாகையிற் கல் சுமப்பவளின் உடம்பு அவ்விலக்கணத்தைப் படித்ததன்று.

தமிழ்நாட்டு அரசினர் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க வகைசெய்தனர். போற்றத்தக்கதே. எனினும், வெப்பத்தாலேயே உயிர் நீங்கிற்றென்று நிறுவுதல் எளிதோ? மாரடைப்பென்றும் முதுமையென்றும் அம்மரணங்கள் பதிவாகிவிடுகின்றன. அகமதாபாத்தில் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் வழக்கத்தினும் 1,344 பேர் மிகுதியாக இறந்தனரென்பது பின்னர்க் கணக்கிட்டபோதுதான் புலனாயிற்று. அதன் பின்னரே, 2013இல், அந்நகரத்தார் முன்னெச்சரிக்கைக்கும் மருத்துவர் பயிற்சிக்கும் திட்டம் வகுத்தனர். இறந்தபின் தரும் இலட்சங்களினும் இறவாதிருக்கத் தரும் அரைநாட் கூலி சிறிதன்றோ?

மரம் நடுவோமென்பார் உளர். நடுக. ஆனால் வடலி வளர்த்துத்தான் பதநீர் பருகவேண்டுமெனின் இந்தக் கோடைக்கு என் செய்வது? (பழமொழியிலுள்ள பானம் வேறு, கல்லூரி மலராதலின் மாற்றினோம்.)

பிறரைச் சொல்வானேன்? சென்ற கோடையில் நம் வளாகத்திலேயே புதுக்கட்டடத்துக்குக் கல் சுமந்த பெண்டிர் உச்சிவேளையிலும் சுமந்தனர். நாம் மின்விசிறியின்கீழமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே சாளரத்தின் வழியாக அவர்களைக் கண்டோம். ஒருத்தி தலைசுற்றிச் சாரத்தின் நிழலிற் சாய்ந்தாள். உடன்வேலை செய்தவள் முகத்தில் நீர் தெளித்தாள். மேஸ்திரி அன்றைக்கு அரைநாட் கூலியே எழுதினார். நம்மில் ஒருவரும் எழுந்து சென்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குமுன் வாரத்திலேதான் நம் மாணவர் வாயிலருகே பந்தல் திறந்து புகைப்படமும் எடுத்துக்கொண்டனர்.

வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்தி, எஞ்சியதை மாலை 4 மணிக்குமேல் முடிக்கலாம். பானை வேலைத்தலத்துக்கே செல்லலாம். உப்பிட்ட நீராகாரத்துக்கு என்ன செலவு? வெப்பத்தால் ஒருவர் பிதற்றத் தொடங்கினால் வாயிற் புகட்டாது உடம்பெங்கும் நீர் ஊற்றி விசிறி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டுமென்பதை மாணவர் அனைவரும் கற்கலாம். நம் பழைய மாணவருள் நிலக்கிழாரும் சூளை நடத்துவோரும் ஒப்பந்தக்காரரும் பலராவர்; நாம் எழுதுவது பெரிதும் அவர்களை நோக்கியே.

வரும் சித்திரையில் நம் விடுதியின் மேல்மாடி வேலை தொடங்கவிருக்கிறது. சித்திரை, வைகாசி இரு மாதமும் 11 மணிமுதல் 4 மணிவரை வேலையில்லை, கூலியிற் குறைவுமில்லை என்னும் ஒரு வரியை ஒப்பந்தப் பத்திரத்திற் சேர்க்குமாறு ஆட்சிக் குழுவினரை வேண்டுகிறோம்.